தத்துவப் பாடத்திட்டக் குழுவினருக்கு: எலிசபெத்தை ஏன் வெட்டினீர்கள்?

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். புதிய பாடத்திட்டத்தில் 17-ஆம் நூற்றாண்டு இயந்திரவாதம் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வெட்டியவர்களே நீங்கள்தான். உடல் ஓர் இயந்திரம், ஆன்மா மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி வழியாக அதை இயக்குகிறது என்று பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் சொன்னார், அவ்வளவுதான் மிச்சம். அப்போது முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டேன். இந்தத் தேர்வு முடிவுக்குப் பிறகு முடியவில்லை.

உடல் இயக்கம் பற்றிய தெக்கார்த்தின் விளக்கத்தை மதிப்பிடச் சொல்லி 10 மதிப்பெண் கேள்வி. என் மாணவி ஒருத்தி கைடில் இருப்பதை ஒழுங்காக எழுதிவிட்டு, பொஹீமியா இளவரசி எலிசபெத் 1643-இல் தெக்கார்த்துக்கு எழுதிய கடிதத்துக்குப் போனாள். ஒன்றைத் தள்ள வேண்டுமானால் தொட வேண்டும், தொடுவதற்கு இடத்தை அடைக்கும் பொருளாக இருக்க வேண்டும், ஆன்மா அப்படி இல்லை என்கிறீர்களே, பிறகு அது உடலை எப்படி அசைக்கிறது என்று கேட்டவர் எலிசபெத். பொருளுக்குக் கனம் இருப்பதைப் போல நினைத்துப் பாருங்கள் என்றார் தெக்கார்த். எலிசபெத் ஒப்பவில்லை, அதற்கு ஆன்மாவும் பருப்பொருள்தான் என்று ஏற்பதே எனக்குச் சுலபம் என்று திருப்பி எழுதினார். கடைசியில் தெக்கார்த், இந்த மாதிரிச் சிந்தனைக்கு வருடத்தில் சில மணி நேரம் போதும் என்று புத்தி சொன்னார். நம் குழு அந்தச் சில மணி நேரத்தையும் மிச்சம் பிடித்துவிட்டது.

இவ்வளவும் எழுதியவளுக்கு 4 மதிப்பெண். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால், எலிசபெத் பக்கத்தில் சிவப்பு மையில் 'பாடத்தில் இல்லை' என்று கோடு. இல்லைதான். யார் எடுத்தது?

எலிசபெத்தைப் பாடத்தில் திரும்பச் சேருங்கள். கூடவே, அதே நூற்றாண்டில் உடல் இயக்கத்தை ஆராய்ந்த டச்சுக்காரர் ஸ்வாமர்டாமையும் இத்தாலியர் பொரெல்லியையும். நரம்புக் குழாய் வழியே நுண்ணிய உயிராவி பாய்ந்து தசையை உப்ப வைப்பதால்தான் கைகால் அசைகிறது என்ற தெக்கார்த்தின் கருத்தை, கைடு இன்றைய உடலியல் மாதிரியே அச்சடித்திருக்கிறது. ஸ்வாமர்டாம் தவளைத் தசையைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, அதன் மெல்லிய நுனியில் ஒரு துளி நீரை நிறுத்தி, நரம்பைச் சீண்டினார். தசை சுருங்கியது, துளி ஏறவில்லை. உள்ளே எதுவும் வந்து நிரம்பியிருந்தால் ஏறியிருக்க வேண்டுமே! பொரெல்லியோ உடலை நெம்புகோலாகவே பார்த்தவர், தெக்கார்த்தின் கட்சி என்றே சொல்லலாம். மூட்டுக்கு மிக அருகில் தசை பற்றியிருப்பதால், தூக்கும் எடையைவிடப் பல மடங்கு விசையை அது செலுத்த வேண்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கட்சிக்குள்ளேயே இவ்வளவு சண்டை. சண்டையை எடுத்துவிட்டால் மாணவர்களுக்கு மிஞ்சுவது மனப்பாடம்தான்.

என்னைப் போன்ற கௌரவ விரிவுரையாளர்களைக் குழுக் கூட்டத்துக்கு அழைப்பதில்லை, நடத்துவதும் திருத்துவதும் மட்டும் எங்கள் வேலை. கைடு போடுபவர்களுக்கு மட்டும் புதிய பாடத்திட்டம் எங்களுக்கு முன்பே எப்படிக் கிடைக்கிறதோ, அது அந்தப் பீனியல் சுரப்பிக்கே வெளிச்சம்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் எலிசபெத்தின் கடிதங்களைத் தயவுசெய்து மீண்டும் சேருங்கள், இரண்டு வகுப்பு போதும். அதுவரை பாடத்துக்கு வெளியே படித்து எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் ஒரு வரி போடுங்கள். அந்த மாணவியின் தாளை, மறுமதிப்பீட்டுக் கட்டணம் கேட்காமல், நீங்களே ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்