செயலாளரின் ஆண்டறிக்கை: வாலில்லா கிளைடர்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்த வாலில்லா மாதிரி கிளைடரை, அதாவது இயந்திரமில்லாமல் மிதந்து பறக்கும் சிறு விமானத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் மூன்று கூட்டங்கள் படிப்பதிலேயே போயின. ஜெர்மனியில் ஹார்ட்டன் சகோதரர்கள் 1933இல் பறக்கவிட்ட கிளைடரில் தொடங்கி, பிரவுன்ஷ்வைக் நகர மாணவர்கள் கட்டி 1988இல் பறந்த எஸ்பி-13 என்ற வாலில்லா கிளைடர் வரை வந்தோம். 15 மீட்டர் இறக்கை, கார்பன் இழைக் கட்டுமானம், பல வருட உழைப்பு. இருந்தும் வாலுள்ள கிளைடர்களை அது மிஞ்சவில்லை, ஒன்றே ஒன்று கட்டியதோடு நின்றுவிட்டது. இதைப் படித்ததும் சிலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. மூக்கு ஏறி இறங்கினால் வால்தான் பிடித்து நிறுத்தும். வாலை எடுத்துவிட்டால் அந்த வேலையும் இறக்கையின் தலையில் விழும். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் நுனியைச் சற்றே கீழ்நோக்கி முறுக்கி வைத்தால் அந்த நுனியே வால்போல வேலை செய்யும். இது புரிந்த அன்றுதான் எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது.

நம்முடையது 2 மீட்டர் இறக்கை. தெர்மோகோலைச் சூடான கம்பியால் அறுத்துச் செய்தோம். முதல் நாள் மூன்று முறை எறிந்தோம். மூன்று முறையும் மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து, புரண்டு விழுந்தது. ஈர்ப்பு மையம் பின்னால் இருந்திருக்கிறது. மூக்கில் ஈயம் வைத்து அதை 12 மில்லிமீட்டர் முன்னால் கொண்டுவந்தோம். அடுத்த எறிதலில் மைதானத்தின் மறுகோடி வரை நேராகப் போய் இறங்கியது. அன்று இளைய உறுப்பினர்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் ரப்பர் கயிற்றில் இழுத்து ஏற்றியபோது, வேகம் கூடியதும் இறக்கை படபடவென அடித்துக்கொண்டு இடப்பக்கம் ஒடிந்தது. இறக்கை வளைவதும் மூக்கு ஏறியிறங்குவதும் ஒன்றையொன்று தூண்டிவிடும் இந்தச் சிக்கலோடு எஸ்பி-13 குழுவும் போராடியது. நாம் உள்ளே இன்னும் தடித்த கார்பன் குழாய் வைத்து ஒட்டினோம். அதன்பின் ஒடியவில்லை.

திரும்புவதுதான் இன்னும் சரியாகவில்லை. வலப்பக்கம் சாய்த்தால் மூக்கு முதலில் இடப்பக்கம் போகிறது. ஹார்ட்டன் சகோதரர்கள் நுனியை நோக்கித் தூக்குவிசை மெல்லக் குறையும்படி இறக்கையை வடிவமைத்து இதைச் சமாளிக்கப் பார்த்தார்கள். அதே வழியில், முறுக்கை அதிகமாக்கிப் புதிய இறக்கை ஒன்று செய்ய விரும்புகிறோம். அதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.