பொதியுறை குறித்த புகார்: "முழுவதும் காகிதம்" என்ற தவறான அறிவிப்பைத் திருத்தக் கோருதல்

அனுப்புநர்:
தங்கள் பொருள்களை நெடுங்காலமாக வாங்கிவரும் வாடிக்கையாளர்

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
தரக் கட்டுப்பாடு மற்றும் பொதியுறைப் பிரிவு

பொருள்: காகிதப் பை, காகிதக் கிண்ணம் ஆகியவற்றின் மூலப்பொருள் பற்றித் தவறான தகவல் அச்சிடப்பட்டிருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் உலர் உணவுப் பொருள்களையும், சூடாக்கி உண்ணும் ஆயத்த உணவுகளையும் பல ஆண்டுகளாக வாங்கி வருகிறேன். பழைய பிளாஸ்டிக் பாக்கெட்டுகளைக் கைவிட்டுப் பழுப்புநிறக் காகிதப் பைகளுக்கும் காகிதக் கிண்ணங்களுக்கும் தாங்கள் மாறியபோது அதை மனமார வரவேற்றேன். மற்ற நிறுவனங்களின் பொருள்களை விட்டுத் தங்களுடையதையே தொடர்ந்து வாங்கியதற்கு அந்த மாற்றமும் ஒரு காரணம். புதிய பையின் முன்புறத்தில் "முழுவதும் காகிதம்", "மறுசுழற்சிக்கு உகந்தது", "மண்ணோடு மக்கும்" என்ற மூன்று வாசகங்களும் அவற்றுக்குக் கீழே ஒரு பச்சை இலையும் அச்சிடப்பட்டுள்ளன. இந்த மூன்றில் எதுவும் அந்தப் பைக்குப் பொருந்தாது என்பதே என் புகார். உள்ளிருக்கும் உணவின் தரம் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை.

பயன்படுத்தி முடித்த ஒரு பையின் வாய்ப்பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் வெளிப்புறப் பழுப்புத் தாள் கட்டைவிரலால் தேய்த்த உடனேயே கூழாகத் திரண்டு வந்தது. தாள் முழுவதும் போன பிறகும் பை பையாகவே நின்றது. வெள்ளி நிறத்தில் பளபளத்த அந்த உள்பையின் அடி மடிப்பும் ஓரத்து ஒட்டும் சற்றும் பிரியவில்லை. உள்ளே நீர் ஊற்றிப் பார்த்தபோது ஒரு துளிகூடக் கசியவில்லை. கத்தரித்த விளிம்பை நகத்தால் நெருடியதில் அந்தப் படலமும் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று, எளிதில் கிழியாத, மொடமொடப்பான மெல்லிய படலம்; உலோகப் பூச்சு அதன்மேல் இருக்கிறது. மற்றொன்று, இழுத்தால் நீளக்கூடிய, சற்றுத் தடித்த, மங்கலான படலம். முன்னது உலோகம் பூசிய பாலியெஸ்டர் என்றும், பின்னது சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பாலிஎத்திலீன் என்றும் கருதுகிறேன். இவ்வகைப் பைகளில் வழக்கமாகக் கையாளப்படும் அடுக்குமுறையும் இதுதான். எஞ்சிய படலத்தை உலர்த்திச் சமையலறைத் தராசில் நிறுத்தபோது, முழுப் பையின் எடையில் ஏறத்தாழப் பாதி இருந்தது.

அந்தப் படலம் ஏன் தேவைப்படுகிறது என்பதை நான் அறிவேன். செல்லுலோஸ் இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதுதான் காகிதம். இழைகளுக்கு இடையிலுள்ள நுண்துளைகள் வழியே நீராவி, ஆக்சிஜன், எண்ணெய் ஆகியவை புகுந்து வெளியேறும். ஈரம் பட்டால் இழைகளைப் பிணைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து தாளின் வலு போய்விடும். அதனால் விறைப்பைத் தாளிடமிருந்தும் தடுப்பாற்றலைப் படலத்திடமிருந்தும் பெறுவது பொதியுறைத் தொழிலின் நெடுநாளைய முறை. குளிர்பதனம் இல்லாமலே பல மாதம் கெடாதிருக்கும் திரவ உணவுகளின் அட்டைப் பெட்டிகளில் எடைக் கணக்கில் ஏறத்தாழ 75 விழுக்காடு அட்டையும், 20 விழுக்காடு பாலிஎத்திலீனும், 5 விழுக்காடு அலுமினியமும் இருப்பது இந்தத் தேவையால்தான். உணவு கெட்டுக் குப்பைக்குப் போனால், அதை விளைவிக்கச் செலவான நீரும் உரமும் எரிபொருளும் சேர்ந்து வீணாகின்றன. பெரும்பாலான உணவுகளில் அந்த இழப்பு உறையால் வரும் சுமையைவிடப் பெரியது. ஆகவே படலமே கூடாது என்று கோரி இக்கடிதத்தை எழுதவில்லை. படலத்தை உள்ளே வைத்துவிட்டு, வெளியே அது இல்லாததுபோல் அச்சிடுவதை ஏற்க முடியவில்லை.

இந்தத் தவறான தகவலின் விளைவு பை குப்பைக்குப் போகும்போதுதான் தெரியவருகிறது. அச்சிட்டிருப்பதை நம்பும் வாடிக்கையாளர் பையைக் காகிதக் கழிவோடு சேர்க்கிறார். காகித ஆலையில் பழைய தாள்கள் பெரிய தொட்டியில் நீரோடு கடையப்பட்டு, இழைகள் பிரிந்து கூழாகிச் சல்லடை வழியே இறங்குகின்றன. கரையாதவை மேலே தங்கிக் கழிவாக ஒதுக்கப்படுகின்றன. ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பாலிஎத்திலீன் பூசிய அட்டை என்றால், கூடுதல் நேரம் கடைந்து இழையைப் பிரித்தெடுக்கும் தனி வசதியுள்ள ஆலைகள் உண்டு. சாதாரண ஆலையில் அந்த நேரம் கொடுக்கப்படுவதில்லை. தங்கள் பையோ எடையில் பாதி கழிவாகிச் சல்லடையை அடைக்கும். படலத்தோடு ஒட்டிக்கொண்ட நல்ல இழையும் கழிவோடு போய்விடும். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்த இழப்புதான். ஒவ்வொரு சுழற்சியிலும் காகித இழை குறுகி வலுவிழக்கிறது. மறுசுழற்சிக் கூழுக்குப் புதிய வலுவூட்டுவதே கிராஃப்ட் எனப்படும் உறுதியான பழுப்புத் தாளின் நீண்ட இழைகள்தாம். மரத்திலிருந்து வந்த அத்தகைய சிறந்த இழையை, திரும்ப எடுக்க முடியாதபடி பிளாஸ்டிக்கோடு ஒட்டி, ஒரே பயன்பாட்டில் முடித்துவிடுகிறோம்.

பிளாஸ்டிக் மறுசுழற்சியிலும் இந்தப் பைக்கு இடமில்லை. பாலியெஸ்டரும் பாலிஎத்திலீனும் வெவ்வேறு வெப்பநிலையில் உருகுபவை, ஒன்றாக உருக்கினால் கலவாதவை. தங்கள் பழைய பாக்கெட்டின் பின்புறத்தில் முக்கோணத்துக்குள் 4 என்ற எண் இருந்தது. அது குறைந்த அடர்த்திப் பாலிஎத்திலீன் ஒன்றால் மட்டுமே ஆனது என்பதற்கான குறி. சேகரிக்கும் வசதி இருந்த இடங்களில் அதையாவது உருக்கி மறுபடியும் பயன்படுத்த வழி இருந்தது. அந்த வகையில் புதிய பை ஒரு பின்னடைவு என்றே கருதுகிறேன். பழுப்பு நிறத் தாளைப் பார்த்து மகிழ்ந்த வாடிக்கையாளர்கள் எவரும் இதை அறிந்திருக்க மாட்டார்கள்.

அடுத்து, ஆயத்த உணவுக் கிண்ணம். அதன் அடியில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் சிறிய எழுத்தில் "தாவரமூலப் பூச்சு" என்றும், பக்கவாட்டில் பெரிய எழுத்தில் "மண்ணோடு மக்கும்" என்றும் உள்ளது. கழுவிய கிண்ணங்களைக் கிழித்து வீட்டுத் தோட்டத்து உரக்குழியில் இட்டேன். சில மாதங்களில் தாள்பகுதி மண்ணாகிவிட்டது. ஆனால் உள்பூச்சு கண்ணாடிபோன்ற மெல்லிய தோலாக, கிண்ணத்தின் வளைவும் அடிவட்டத்தின் விளிம்பும் மாறாமல் அப்படியே கிடந்தது. அதை மண்ணிலிருந்து பொறுக்கி எடுக்கப் போனால் துண்டுதுண்டாக உடைகிறது. தாவரமூலப் பூச்சு என்று தாங்கள் குறிப்பிடுவது, தாவரச் சர்க்கரையிலிருந்து தயாரிக்கப்படும் பிளாஸ்டிக்கான பாலிலாக்டிக் அமிலமாக இருக்குமானால் இதில் வியப்பில்லை. ஏறத்தாழ 55 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தை எட்டும்போதுதான் அதன் மூலக்கூறுச் சங்கிலி இளகி விரைவாகச் சிதையத் தொடங்குகிறது. வீட்டு உரக்குழியில் அந்தச் சூடு நீடித்து நிற்பது அரிது. தொழிற்சாலை முறை உரமாக்கலுக்கான ஐரோப்பியத் தர அளவை ஈ.என். 13432, 6 மாதத்துக்குள் 90 விழுக்காடு உயிரியல் சிதைவையும், 12 வாரத்துக்குப் பின் 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் தங்காமையையும் கோருகிறது. அந்த அளவையில் தேறிய பொருளும் கட்டுப்படுத்தப்பட்ட சூட்டிலும் ஈரத்திலும்தான் அப்படி மக்கும். எங்கே, எந்தச் சூழலில் மக்கும் என்று சொல்லாமல் "மண்ணோடு" என்று அச்சிடுவது வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துகிறது.

கிண்ணத்தின் பூச்சு எது என்று அறிய விரும்புவதற்கு வேறு காரணமும் உண்டு. சூடான உணவு அதில் படுகிறது. காகிதக் கோப்பைகளில் 85 முதல் 90 பாகை செல்சியஸ் வரை சூடான நீரை 15 நிமிடம் வைத்திருந்தபோது, 100 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் உட்படலத்திலிருந்து கலந்ததாகக் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இது தங்கள் கிண்ணத்துக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைத் தங்கள் ஆய்வகமே சோதித்துச் சொல்ல முடியும். அதற்குரிய கடமையும் தங்களுக்கு உண்டு.

கிண்ணத்துக்குள் வைக்கப்படும் எண்ணெய் ஊறாத் தாள் பற்றியும் ஒரு கேள்வி. அதன்மேல் ஒரு துளி எண்ணெய் விட்டேன். அது பரவவுமில்லை, ஊறவுமில்லை. முத்தாகத் திரண்டு நின்றது. நன்கு அடித்து நெருக்கமாக்கிய கூழாலோ மாவுப்பொருள் பூச்சாலோ எண்ணெய் ஊறாமல் தடுக்க முடியும் என்றாலும், எண்ணெய் இப்படி முத்தாகத் திரள்வது பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ஃபுளூரின் சேர்மங்களைப் பூசிய தாளில் வழக்கமாகக் காணப்படுவது. இந்தச் சோதனை முடிவானதன்று, ஆய்வகச் சான்று தேவை என்பதை உணர்ந்தே கேட்கிறேன். இந்தச் சேர்மங்கள் இயற்கையில் எளிதில் சிதையாதவை. உணவு தொடும் காகிதத்திலும் அட்டையிலும் இவற்றை டென்மார்க் 2020 ஜூலை முதல் தடை செய்தது. எண்ணெய்த் தடுப்புக்காக இவற்றை உணவுப் பொதிகளில் சேர்ப்பதற்கான விற்பனை அமெரிக்கச் சந்தையில் முடிவுக்கு வந்துவிட்டதாக அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2025ஆம் ஆண்டுப் பொதியுறை ஒழுங்குமுறையும், தனித்தனியாக அளவிடப்படும் சேர்மம் ஒவ்வொன்றுக்கும் நூறு கோடியில் 25 பங்கு என்ற வரம்பை வகுத்து, 2026 ஆகஸ்ட் 12 முதல் நடைமுறைக்கு வருமாறு நாள் குறித்தது.

நிறுவனங்கள் தம் பொருள்களைப் பற்றித் தாமாகவே செய்யும் சுற்றுச்சூழல் அறிவிப்புகளுக்கு ஐ.எஸ்.ஓ. 14021 என்ற பன்னாட்டுத் தர அளவை இருப்பதைத் தங்கள் தரப் பிரிவு நிச்சயம் அறியும். "பசுமையானது", "பூமிக்கு நட்பானது" போன்ற பொத்தாம்பொதுவான வாசகங்களை அது அனுமதிப்பதில்லை. மறுசுழற்சிக்கு உகந்தது என்று சொல்ல வேண்டுமானால், பொருள் விற்கப்படும் பகுதியில் வாங்குவோரில் கணிசமானோருக்குச் சேகரிப்பு வசதி எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்றும் அது கோருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் ஆணை, பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பையைப் பிளாஸ்டிக் பொருளாகவே கணக்கிடுகிறது. அத்தகைய பானக் கோப்பைகளில் பிளாஸ்டிக் இருப்பதை வெளிப்படையாகக் குறிப்பது 2021 ஜூலை 3 முதல் அங்கே கட்டாயம். பூச்சு தாவரத்திலிருந்து வந்தாலும் அங்கே விலக்கு இல்லை. தங்கள் நிறுவனம் எங்கே விற்றாலும், உள்ளதை உள்ளபடி சொல்வதற்கு ஒரு சட்டம் வந்து கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

இதே கேள்விகளை முன்பே தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு எழுதியிருந்தேன். "எங்கள் பொதியுறைகள் அனைத்தும் சுற்றுச்சூழலுக்கு உகந்தவை, தங்கள் ஆதரவுக்கு நன்றி" என்ற பதில் வந்தது. நான் கேட்ட எதற்கும் அதில் விடை இல்லை. பையில் என்னென்ன அடுக்குகள் உள்ளன என்ற எளிய கேள்விக்குக்கூட இல்லை. ஆகவேதான் இப்போது தங்களுக்கு நேரடியாக எழுத வேண்டியதாயிற்று.

பை, கிண்ணம், எண்ணெய் ஊறாத் தாள் ஆகிய மூன்றிலும் உள்ள ஒவ்வோர் அடுக்கின் பெயரையும் எடை விழுக்காட்டையும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மக்கும் தன்மைக்கும் மறுசுழற்சித் தகுதிக்கும் தங்களிடம் உள்ள சோதனைச் சான்றுகளின் நகலையும், அவை எந்த அமைப்பால், எந்தத் தர அளவையின்படி வழங்கப்பட்டவை என்ற விவரத்தையும் அனுப்ப வேண்டும். ஃபுளூரின் சேர்மம் பற்றிய ஆய்வக அறிக்கை இருந்தால் அதையும் இணைக்க வேண்டும். இல்லையென்றால் அத்தாளைச் சோதனைக்கு உட்படுத்தி முடிவை அறிவிக்க வேண்டும். இவையெல்லாவற்றுக்கும் முன்பாக, அடுத்த அச்சிலேயே அந்த மூன்று வாசகங்களையும் நீக்கி, "வெளிப்புறம் காகிதம், உட்புறம் உலோகம் பூசிய பிளாஸ்டிக், காகிதக் கழிவில் சேர்க்க வேண்டாம்" என்பதுபோல் தெளிவான குறிப்பை முன்புறத்திலேயே, படிக்கக்கூடிய அளவில் இட வேண்டும். ஏற்கெனவே கடைகளுக்குச் சென்றுவிட்ட பைகளுக்கு ஒட்டுத்தாள் போதும். நல்ல உணவை அதற்காகத் திரும்பப் பெற்று வீணாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

பையின் அமைப்பை மாற்றுவது உடனே முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் தாளும் படலமும் வாடிக்கையாளர் கையாலேயே உரித்துப் பிரிக்கத்தக்கவாறு ஒட்டப்பட்ட உறைகளும், நீரில் கரைத்த பாலிமர் பூச்சை மிக மெல்லிதாகத் தடவிய, கூழாக்குகையில் பிரிந்துவிடும் தாள்களும் சந்தையில் வந்துவிட்டன. ஈரத்தால் உடனே கெடாத, குறுகிய காலத்தில் விற்றுத் தீரும் தங்கள் சில பொருள்களுக்கு உலோகப் பூச்சு தேவையா என்பதையே மறுபரிசீலனை செய்யலாம்.

நீரில் ஊறிய பையிலிருந்து பிரித்த படலத் துண்டுகளையும், உரக்குழியில் எஞ்சிய கிண்ணப் பூச்சையும், பையின் முன்புற, பின்புற ஒளிப்படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். தொகுதி எண்ணும் தயாரிப்பு நாளும் படங்களில் தெளிவாகத் தெரிகின்றன. இக்கடிதம் கிடைத்த 30 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டாலோ, முன்புபோல் பொதுவான சொற்களில் வந்தாலோ, இதே ஆவணங்களுடன் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் முறையிடுவேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்

இணைப்பு: படலத் துண்டுகள், கிண்ணப் பூச்சின் எச்சம், ஒளிப்படங்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் முந்தைய பதிலின் நகல்.