கிரைண்டர் சத்தம் இருக்கட்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்து மறுபடியும் மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள்.

அப்புறம், நீ அம்மாவைப் படமெடுக்கும் விஷயம். நீ அனுப்பிய படத்துண்டை மூன்று தடவை கேட்டேன். பேச்சு தெளிவாகக் கேட்கவேண்டுமென்று கிரைண்டர் சத்தத்தை ஏதோ ஒரு செயலியை வைத்து அழித்துவிட்டாய். கிரைண்டர் ஓடும்போது அம்மா குரலை உயர்த்தித்தான் பேசுவார், உனக்குத் தெரியாததா? அந்தச் சத்தம் போனதும், சும்மா கத்துகிறவர்போலக் கேட்கிறார். மாவு அரைத்து விற்றே உங்களைப் படிக்க வைத்தவரின் கதையில் அந்த இரைச்சலுக்கு இடமில்லாமல் போகலாமா?

போன மாதம் 'நோட்ஸ் ஆன் பிளைண்ட்னஸ்' பார்த்தேன். 2016இல் வந்த ஆவணப்படம். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹல், பார்வை முழுக்கப் போன பிறகு 1983இலிருந்து தன் அனுபவங்களை ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்தார். படத்தில் நடிகர்கள் வாயசைக்கிறார்கள். குரல் மட்டும் அவருடையதும் அவர் மனைவியுடையதும். கண்ணில் படுவது பெரும்பாலும் நடிப்பு, காதில் விழும் குரல் நிஜம். இருந்தும் ஒரு நொடிகூட இது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. குரலை நம்பிவிட்டால் மற்றதையெல்லாம் மனம் ஏற்றுக்கொள்கிறது.

அதில் ஒரு மழைக் காட்சி. வாசற்கதவைத் திறக்கிறார், வெளியே மழை. கூரையில் ஒரு சத்தம், செடியில் வேறு சத்தம், நடைபாதையில் இன்னொன்று. பார்வையில்லாதவருக்குத் தோட்டம் முழுவதும் உருவத்தோடு எழுந்து வருகிறது. அறைக்குள்ளும் இப்படி மழை பெய்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஏங்குகிறார். உடனே படத்தில் வீட்டுக்குள் மழை பெய்கிறது! ஒவ்வொரு பொருளும் தன் சத்தத்தால் தான் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அறையின் அளவுகூடத் தெரிந்ததுபோல் இருந்தது.

உன் படத்துண்டில் எனக்குக் கிடைக்காதது அதுதான். உங்கள் சமையலறையில் நான் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன்! அந்தச் சமையலறை அதில் இல்லை.

அழிக்காத மூலப் பதிவு இருக்கிறதா? இருந்தால் அதையே வை. பேச்சு புரியாத இடத்தில் மட்டும் இரைச்சலைக் கொஞ்சம் தணித்தால் போதும். அடுத்த தடவை போனைத் தூரத்தில் வைக்காதே, ஒரு சின்ன காலர் மைக் வாங்கி அம்மா சேலையில் மாட்டிவிடு. பேச்சு முடிந்ததும் யாரையும் பேசவிடாமல், வெறும் அறையின் சத்தத்தை ஒரு நிமிஷம் பதிவு செய். வெட்டி ஒட்டுகிற இடங்களில் அதை அடியில் போட்டால் சத்தம் சட்டென்று அறுந்து விழாது. அரிசி களைவதையும் மாவு வழிப்பதையும் தனித்தனியாகப் பிடித்து வை. அப்புறம், அம்மா கிரைண்டரை நிறுத்துகிற அந்த நொடியைத் தயவுசெய்து வெட்டிவிடாதே. கல் சுற்றி ஓய்ந்து, அவர் குரல் தணிகிற இடம் அது.

மூலப் பதிவை அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் பழைய அறைத்தோழன்