கோடியக்கரைக்குக் கேமராவோடு வருகிறவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

வாடை திரும்பியாயிற்று. சதுப்பில் உள்ளான் பறவைகள் வந்திறங்கிவிட்டன. இனிச் சனிக்கிழமை தவறாமல் நீங்களும் வருவீர்கள். வாருங்கள், டீக்கடைக்கும் நாலு காசு சேரும். போன வருஷம் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை எங்கள் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆறுமணிக்குருவி உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, குட்டை வால், மை தீட்டி இழுத்தாற்போல் கண்ணில் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவெல்லாம் பறந்து தெற்கே வருகிற பறவை. இங்கே இளைப்பாறிவிட்டுப் பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைக்குப் போகிறவையும் உண்டு. அன்று வந்ததற்கு இறக்கை தூக்கத் தெம்பில்லை. நாலடி தள்ளி நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன், அசையவில்லை. அம்மா பூனையை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார். வெயில் ஏறியதும் சருகைப் புரட்டி ஒரு மண்புழுவை இழுத்தது. அப்புறம்தான் அம்மா பாத்திரம் துலக்கவே வந்தார்.

அன்று சாயங்காலம் காட்டோரம், கஜா புயலுக்குத் தப்பிய ஒரு பாலை மரத்தடியில், நாலு பேர் இதே குருவியின் குரலைச் செல்போனில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டதென்று அது வெளியே வரும், படம் கிடைக்கும். ஆனால் கடல் தாண்டச் சேர்த்த கொழுப்பு அங்கேயே கரையும். 1967இலிருந்து இந்த இடம் சரணாலயம். 2002இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. எல்லாம் இருந்தும் செல்போன் ஸ்பீக்கருக்கு வேலி போட முடியவில்லை.

சதுப்பிலும் இதே கதைதான். கொசு உள்ளான் முப்பது கிராம்கூட இராது; ஆர்க்டிக் ஓரத்திலிருந்து வருகிறது. தையல் மெஷின் ஊசி மாதிரிச் சேற்றைக் குத்திக் குத்தி மேய்கிற அந்தக் கூட்டத்தை ஒருவர் ஓடிப்போய்க் கிளப்புகிறார். பறக்கும்போது எடுத்தால்தான் படமாம்!

எங்கள் ஊர் வழி ஒன்று உண்டு. விடியுமுன் உப்பளக் கரையில் போய்ச் சும்மா உட்காருங்கள். அரை மணி நேரத்தில் உங்களையும் ஓர் உப்பு மூட்டை என்று நினைத்து உள்ளான்கள் பத்தடிக்குள் மேய வரும். ஆறுமணிக்குருவிக்கோ அதுவும் வேண்டாம். அதன் பெயரிலேயே நேரம் இருக்கிறது. காலையும் மாலையும் தானாகவே கூப்பிடும்.

இந்த வருஷமும் கொல்லையில் ஏதாவது இறங்கினால் டீக்கடையில் சொல்லி வைக்கிறேன். செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு வாருங்கள். பூனையை அம்மா பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
கோடியக்கரைக்காரன் ஒருவன்