தெருக் காவல் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொதுக்குழுவில் ஒப்புக்கொண்டபடி கேமரா, தெருவிளக்கு, பட்டாப் புத்தகப் பெட்டி (ரோந்துக் காவலர் வந்து கையெழுத்திடும் நோட்டு இருக்கும் பெட்டி) ஆகிய மூன்று வேலைகளும் முடிந்துவிட்டன. நன்கொடை நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய நாளிலிருந்தே இதற்குத் திருப்பணி என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் அறிக்கையும் அப்படியே வருகிறது.

ஏன் ஆரம்பித்தோம் என்பது எல்லோருக்கும் தெரியும். விடியற்காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த நம் உறுப்பினர் ஒருவரின் கழுத்துச் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். பெருங்களத்தூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. நம் தெருமுனையைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. சாலை. கொஞ்சம் தள்ளி வண்டலூரில் ஏறினால் மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. அதில் ஏறிவிட்டவனை எங்கே போய்த் தேடுவது? அன்றைக்கு விசாரிக்க வந்த காவலர் கேட்டதும் இரண்டே கேள்விகள்தான்: வண்டி நம்பர் என்ன, எந்தப் பக்கம் போனார்கள்? இரண்டுக்கும் நம்மிடம் பதில் இல்லை. ஐந்தாறு வீடுகளில் கேமரா இருந்தும் எல்லாம் அவரவர் கார் நிறுத்தும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் வேலையைத் திட்டமிட்டோம். விலைப்புள்ளி கொடுத்த ஒருவர் எல்லாத் தெருக்களுக்கும் சேர்த்து 30 கேமரா என்று எழுதியிருந்தார். குழு அதை 14 ஆகக் குறைத்தது. நகருக்குள் வரவும் போகவும் இருப்பவை இரண்டே வாசல்கள். அவற்றில் செலவு செய்தால் போதும், நடுத்தெருவில் அள்ளிப் போட வேண்டாம் என்பது எங்கள் கணக்கு. சில உறுப்பினர்களுக்கு இதில் மனக்குறை உண்டு. இருந்தாலும் இதில் குழு உறுதியாகவே இருந்தது.

வாசல் கேமரா சாதாரணக் கேமரா இல்லை. அகலமாகத் தெருவையே காட்டும் கேமராவில் ஆள் தெரிவான், நம்பர் தெரியாது. இரவில் ஹெட்லைட் வெளிச்சம் நேரே அடித்தால் நம்பர் பிளேட் இருக்கும் இடத்தில் வெறும் வெள்ளைக் கட்டம்தான் விழும். அதனால் குறுகிய கோணத்தில் பிளேட்டை மட்டும் பிடிக்கிற லென்ஸ், ஷட்டர் வேகம் கூட்டி, உயரத்தைக் குறைத்து, பக்கவாட்டில் சாய்த்து மாட்டப்பட்டது. நம் பொருளாளர் இரவு பத்து மணிக்கு மேல் ஸ்கூட்டியில் போவதும் வருவதுமாக இருந்து, நம்பர் தெளிவாக விழுந்த பிறகுதான் நட்டை இறுக்கினோம். விவரம் தெரியாமல் பார்த்த எதிர்வீட்டுக்காரர் அவரைச் சந்தேகப்பட்டு நம் குழு ஒருங்கிணைப்பாளருக்கே போன் செய்தார். விழிப்புணர்வுக்கு நன்றி.

மின்வாரியக் கம்பங்களைத் தொடாமல் சொந்தமாக இரும்புக் கம்பம் நட்டிருக்கிறோம். சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் தாங்காது என்பதால் இரண்டாவது வாசலுக்கு ஃபைபர் போட வேண்டியிருந்தது. முதல் மதிப்பீட்டைவிடச் செலவு கூடியது அங்கேதான். கேமராப் படங்களைச் சேமிக்கும் பதிவுப் பெட்டியை சங்க அலுவலகத்தின் தரைத்தளத்தில் வைக்கலாம் என்றார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்த அறையில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்கள் யாரும் அதற்குச் சம்மதிக்கவில்லை. இப்போது அது மாடியில், யு.பி.எஸ்.ஸோடு இருக்கிறது.

மாட்டிய முதல் வாரத்திலேயே இன்னொன்றும் தெரிந்தது. இரவுக் கேமராவின் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வருகிறது, பூச்சியைத் தேடி எட்டுக்கால் பூச்சி வந்து லென்ஸ் முன்னாலேயே வலை பின்னுகிறது. ஒரே ஒரு நூல் போதும், விடிய விடியத் திரை முழுக்க வெள்ளைக் கோடுதான். வாரம் ஒருமுறை நீளக் கம்பில் ஒட்டடை அடிப்பது காவலாளியின் வேலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது.

விளக்கு வேலையைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. எரியாதவற்றை மாநகராட்சியில் புகார் கொடுத்து மாற்றினோம், பூங்காவின் பின்பக்கச் சந்தில் மட்டும் சங்கச் செலவில் போட்டோம்.

பட்டாப் புத்தகப் பெட்டிக்கு மொத்தச் செலவு ஒரு கேமராவின் விலைகூட இல்லை. ஆனால் முடிந்த வேலைகளில் அதிகம் பயன்படப் போவது அதுதான் என்று குழு நினைக்கிறது. கேமரா திருட்டு நடந்த பிறகு பேசும். ரோந்துக் காவலர் நடுராத்திரியில் வந்து பெட்டியைத் திறந்து நேரம் போட்டுக் கையெழுத்திட்டுப் போனால் அந்தத் தெரு அன்றைக்குப் பார்க்கப்பட்டது என்று பொருள். பெட்டிகள் இரண்டு வாசலிலும் பூங்கா அருகிலும் உள்ளன. வெளியூர் போகிறவர்கள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் பூட்டிய வீட்டையும் ரோந்தில் பார்ப்பார்கள். சங்கத்திலும் அதற்கென ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். வாட்ஸ்ஆப் குழுவில் "குடும்பத்தோடு கொடைக்கானல்" என்று படம் போடுவது பதிவேட்டில் எழுதுவதாகாது. பால் பாக்கெட்டையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லுங்கள். கேட்டுக்குப் பூட்டு உள்பக்கமாக இருக்கட்டும்.

அப்புறம், அதிகம் கேட்கப்பட்ட விஷயம். எல்லோர் போனிலும் கேமராவை நேரலையாகக் கொடுக்க முடியாதா? முடியும், ஆனால் கொடுக்க மாட்டோம். வேலை முடிவதற்குள்ளேயே யார் கார் யார் வாசலை மறைக்கிறது, எந்த வீட்டுப் பிள்ளை எத்தனை மணிக்கு வருகிறது என்று பதிவைக் கேட்டு வந்துவிட்டார்கள். பதிவு 30 நாள் இருக்கும். காவல்துறை எழுத்துப்பூர்வமாகக் கேட்டால் மட்டுமே தரப்படும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி, கேமராப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் வைக்க ஹாஷ் மதிப்போடு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் கைரேகை மாதிரியான எண்) சான்றிதழ் வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவரும் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பத்துப் பேர் போனில் சுற்றிய வீடியோவை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்க முடியாது. பொறுப்பாளராகச் செயலாளர் கையெழுத்திடுவார்.

வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் வீட்டை நோக்கி ஒரு கேமராவைத் திருப்பச் சொன்ன மனுவைக் குழு ஏற்கவில்லை. வாடகைக்கு விடுகிற எல்லோரும் குடியிருப்பவரின் அடையாளச் சான்று நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பமோ, பேச்சிலரோ, எந்த ஊர்க்காரரோ, விதி ஒன்றுதான்.

எந்தக் கேமராவிலும் விழாத திருட்டு ஒன்றும் இருக்கிறது. போலீஸ் என்று சொல்லிக்கொண்டு "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று யாராவது வீடியோ காலில் மிரட்டினால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள், அப்படி ஒரு கைதே சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930. மற்ற அவசரங்களுக்கு 112.

வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு சங்கப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. வீட்டுக்கு 3,500 ரூபாய் என்று வசூலித்ததில் சிலர் இன்னும் பாக்கி. பெயர் போடவில்லை, அவர்களுக்கே தெரியும். கையிருப்பை ஆண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்கலாமா, மூன்றாம் குறுக்குத் தெருவில் கேமராவை மறைக்கும் வேப்பங்கிளையை முதலில் வெட்டலாமா என்பதை அடுத்த பொதுக்குழுவில் முடிவு செய்வோம். மரத்துக்காரர் அவசியம் வரவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு