ப்ளூபெர்ரி என்று விற்ற களாச்செடி

அனுப்புநர்: வாடிக்கையாளர், காட்பாடி, வேலூர் மாவட்டம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ப்ளூபெர்ரி என்று விற்று வேறு செடி அனுப்பியது

ஐயா,

போன வருடம் ஆடிப்பெருக்கை ஒட்டி உங்கள் நர்சரியில் நான்கு ப்ளூபெர்ரி செடிகள் வாங்கினேன். ஒன்று 650 ரூபாய். வந்த நான்குமே களாச்செடி.

ப்ளூபெர்ரிக்கு அமில மண் வேண்டும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும் என்று படித்து, தேங்காய் நார்த்தூளும் கந்தகமும் வாங்கிக் கலந்தேன். எங்கள் போர் தண்ணீர் தொட்டியில் வெள்ளையாகப் படியும். அதனால் மழைநீரைக் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றினேன். சித்திரை வெயிலில் செடிக்குப் பச்சை வலை கட்டினேன்.

பங்குனியில் மல்லிகை போல வெள்ளையாகப் பூத்தது. அப்போதே சந்தேகம் வந்தது. ப்ளூபெர்ரிப் பூ சின்ன மணி போலத் தலைகீழாகத் தொங்கும். கிளையில் இரண்டிரண்டாக முள், இலைகள் எதிரெதிரே, கிள்ளினால் பால். ப்ளூபெர்ரிக்கு முள்ளும் கிடையாது, பாலும் கிடையாது, இலைகள் மாறி மாறி இருக்கும். அதன் பழத்தின் நுனியில் ஐந்து முனையுள்ள சின்னக் கிரீடம் இருக்கும். என் செடியில் காய்த்ததன் நுனி மழமழவென்று இருக்கிறது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் பிறந்த என் அம்மா பார்த்தவுடனே, "இது களாடா, ஆடு மேய்க்கப் போனப்ப மடி நிறைய பறிப்போம்" என்றார்.

உங்கள் சேவைப் பிரிவில் கேட்டால், "வளர வளர மாறும்" என்கிறார்கள். முள் எப்படி ஐயா மாறும்?

களா நல்ல செடி. அதன் காயில் ஊறுகாய் போட்டால் எங்கள் வீட்டில் சட்டியே காலியாகிவிடும். ஆனால் அது அரளிக் குடும்பம். அரளி விஷம். அந்தக் குடும்பத்துச் செடியை அடையாளம் தெரியாமல் பேர் மாற்றி விற்கிறவர்கள், நாளைக்குக் குழந்தைகள் பறித்துத் தின்னும் வேறொன்றையும் மாற்றி அனுப்பலாம். என் பயம் அதுதான்.

அதோடு ப்ளூபெர்ரி வட அமெரிக்கக் குளிர்க்காட்டுச் செடி. அதன் பெரும்பாலான ரகங்களுக்குக் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் 7 டிகிரிக்கும் கீழே குளிர் வேண்டும். வேலூரில் அந்தக் குளிர் ஏது? விற்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

2,600 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். இந்தச் செடியை ப்ளூபெர்ரி என்று விற்பதை நிறுத்துங்கள். என்னைப் போல வாங்கிய மற்றவர்களுக்கும் இது களா என்று தெரிவியுங்கள். பில்லும், பூ, முள், காய் படங்களும் இணைத்திருக்கிறேன். 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர், காட்பாடி