ஐந்து வாரம் நான் வாய் திறக்கவில்லை

போளூர்
2023 அக்டோபர் 2

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, காலையில் ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருகிறார். இதைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வராது என்பதால்தான் நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். பொறுமையாகப் படி.

உன் பள்ளியின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரை அழைத்துக்கொண்டு கியோட்டோவுக்குப் போவதாகப் போன வாரம் சொன்னாய். இணையத்தை எப்படி நடத்துவது என்று பல நாட்டாரும் கூடிப் பேசுகிற ஐக்கிய நாடுகள் சபையின் இணைய ஆளுகை மன்றம், 8 முதல் 12ஆம் தேதி வரை. இணையத்தில் பொறுப்போடு நடந்துகொள்வது பற்றிப் பிள்ளைகள் கேள்வி கேட்கப் போகிறார்கள், ஆளுக்கு ஒரு சம்பவத்தைத் தயார் செய்கிறார்கள் என்றும் சொன்னாய். "அம்மா, நம் ஊரில் நடந்தது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டாய். நான் இல்லை என்றேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை. அன்று இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

2018 மே மாதம் அத்திமூரில் நடந்தது உனக்குத் தெரியும். நீ அப்போதுதான் ஜப்பான் போயிருந்தாய், செய்தியைப் பார்த்துவிட்டு, "நம் ஊர்ப் பக்கமா அம்மா?" என்று பதறிக்கொண்டு பேசினாய். அதில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

அந்த ஏப்ரல் கடைசியில், ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கு விடுமுறை விட்ட சமயம். வடநாட்டிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று ஒரு குரல் பதிவு எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு பெண் பேசுகிறாள். அழுகிற குரல். பின்னால் ஏதோ குழந்தையின் சத்தம். அதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேரின் பெற்றோர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். விடுமுறையில் பிள்ளைகள் தெருவிலும் ஏரியிலும்தான் கிடப்பார்கள். உடனே அந்தப் பதிவைப் பெற்றோர் குழுவில் போட்டேன். போட்டதோடு விடவில்லை. கீழே ஒரு வரி தட்டச்சு செய்தேன்: "பெற்றோர்கள் மிகவும் கவனமாக இருக்கவும். புதிய ஆட்கள் யார் வந்தாலும் விசாரிக்கவும்."

அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. குரல் பதிவு யாருடையதோ. அந்த வரி என்னுடையது. முப்பது வருடம் எங்கள் பள்ளிக்கூட ஊரில் பாடம் எடுத்த டீச்சரின் வரி.

மே 9ஆம் தேதி சென்னையிலிருந்து காரில் ஒரு குடும்பம் அத்திமூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்தது. வழி கேட்க நிறுத்திய இடத்தில், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அவர்களோடு வந்த ஒரு வயதான அம்மா சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று சந்தேகப்பட்டார்கள். பயந்துபோய் வண்டியைக் கிளப்பியவர்களை மடக்கி அடித்தார்கள். அந்த அம்மா இறந்துவிட்டார். அவருக்கு 65 வயது. மற்றவர்களுக்குப் பலத்த காயம். பிறகு போலீஸ் வந்து ஊரில் பல பேரைப் பிடித்துக்கொண்டு போனது.

நாமும்தான் குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போது பாட்டி மடியில் ஒரு பொட்டலம் ஆரஞ்சு மிட்டாய் வைத்திருப்பாள். வழியில் பார்க்கிற பிள்ளைக்கெல்லாம் கையில் திணிப்பாள். உனக்கு நினைவிருக்கும்.

நான் அனுப்பிய பதிவு அத்திமூருக்குப் போனதா என்று எனக்குத் தெரியாது. போயிருக்காது என்று அப்பா சொல்கிறார். நம் பள்ளிக்கூட ஊரும் அதுவும் வேறு வேறு திசை. அந்த ஒரு மாதத்தில் வடமாவட்டங்கள் முழுக்க நூறு வழியில் அந்தப் பேச்சு பரவியிருந்தது. எல்லாம் சரிதான். ஆனால் அன்று அந்தக் கார் எங்கள் ஊர்த் தெருவில் நின்றிருந்தால்? புதிய ஆட்களை விசாரிக்கச் சொல்லி எங்கள் ஊருக்கு எழுதியது நான்தானே.

செய்தித்தாளில் படித்த அன்று, முதல் வேலையாக என் தொலைபேசியிலிருந்து அந்தப் பதிவை அழித்தேன். என் தொலைபேசியில்தான் அது அழிந்தது. நாற்பது வீட்டுத் தொலைபேசிகளில் அப்படியே இருந்தது. தவறான செய்தியை அனுப்பிவிட்டேன், மன்னியுங்கள், நம்ப வேண்டாம் என்று குழுவில் ஒரு வரி போட்டிருக்கலாம். போடவில்லை. டீச்சர் பொய்ச் செய்தி அனுப்பினார் என்று பேசுவார்களே என்கிற கூச்சம். அனுப்பும்போது யோசிக்க ஒரு நிமிடம் எடுக்காத நான், திருத்துவதற்கு நாள் கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 1ஆம் தேதி பள்ளி திறந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா வந்தாள். செங்கல் சூளையில் வேலை செய்கிறவள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் அனுப்பியதால்தான் டீச்சர், பாப்பாவை ஒரு மாதமாக வாசல் தாண்ட விடவில்லை. பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்" என்று நன்றி சொன்னாள். அந்தப் பிள்ளை அவள் பின்னால் நின்று என்னைப் பார்த்தது. மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, பூட்டிய வீட்டுக்குள் ஒரு எட்டு வயதுப் பிள்ளை ஒரு மாதம் இருந்திருக்கிறது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டேன்.

ஜூன் நடுவில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தபோதுதான் சொன்னேன். கரும்பலகையில் அந்தப் பதிவில் இருந்ததை வரி வரியாக எழுதினேன். பேசுகிற பெண் யார்? பெயர் இல்லை. எந்த ஊர்? சொல்லவில்லை. எந்தத் தேதி? இல்லை. எந்தக் காவல் நிலையத்தில் புகார்? இல்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். கடைசியில் என் இரண்டு வாக்கியத்தையும் எழுதி, இதை எழுதியது நான், எதையும் விசாரிக்காமல் எழுதினேன் என்றேன். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா எழுந்து கேட்டார்: "அது உண்மையாக இருந்து, நீ சொல்லாமல் விட்டிருந்தால்?" அந்தக் கேள்வியை உன் பிள்ளைகளும் கேட்பார்கள், கண்ணு. கேட்க வேண்டும். காவல் நிலையத்துக்கு ஒரு தொலைபேசி செய்திருக்கலாம், குழந்தைகளுக்கான 1098 எண்ணில் கேட்டிருக்கலாம், பத்து நிமிட வேலை என்று நான் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார், ஆனால் அவர் முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும் முழுத் திருப்தி இல்லை. பயத்தில் இருக்கிற தாய்க்குப் பத்து நிமிடம் என்பது நீண்ட நேரம்.

உன் மாணவி ஒருத்தி ஹனா கிமுராவைப் பற்றிப் பேசப் போகிறாள் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு இதெல்லாம் மேலே வந்தது. 22 வயது மல்யுத்த வீராங்கனை. தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்ததற்காக முகம் தெரியாதவர்கள் திட்டித் தீர்த்து, 2020 மே மாதம் உயிரை விட்டுவிட்டாள். அவளுடைய அம்மா ஓயாமல் போராடியதும் ஒரு காரணமாக, 2022இல் ஜப்பானில் அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனையை ஓராண்டுச் சிறை வரை கூட்டினார்கள். அந்தப் பிள்ளை அதைக் கட்டாயம் பேசட்டும். மகளைப் பறிகொடுத்த தாயின் உழைப்பு அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

ஆனால் அங்கே திட்டியவர்களுக்குத் தாங்கள் திட்டுகிறோம் என்று தெரியும். இங்கே எங்களில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பிள்ளைகள்மீது உள்ள பாசத்தில்தான் அத்தனை பேரும் அனுப்பினோம். இணையப் பாதுகாப்பு என்று பள்ளியில் நாம் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே, தெரியாதவரோடு பேசாதே, யாரையும் கேலி செய்யாதே என்பதுதான். நல்லது செய்கிறோம் என்று கை பரபரக்கிற நேரத்தில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்குத் தெரிந்து அந்த நேரம்தான் ஆபத்தானது. உன் பிள்ளைகள் மன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அந்த வருடம் பல மாநிலங்களில் ஒரு காணொளியும் சுற்றியது. மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். உண்மையில் அது குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஒரு அட்டையைப் பிடித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டியவன் ஒருவன்தான். பரப்பிய எங்களுக்குக் கணக்கில்லை. ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் துளே மாவட்டத்து ரெயின்பாடாவில், பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்ற அதே சந்தேகத்தில் ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள்.

அதற்குப் பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம், வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாது என்று 2018 ஜூலையில் இந்தியாவில் வரம்பு கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் உலகம் முழுவதற்கும் அதையே வைத்தார்கள். பலமுறை கைமாறிய செய்தி என்றால் ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்கு அல்லது ஒரே ஒரு குழுவுக்குத்தான் என்று 2020இல் இன்னும் இறுக்கினார்கள். நல்ல வேலிதான், வேகம் குறையும். ஆனால் யோசித்துப் பார், நான் அனுப்பியதே ஒரு குழுவுக்குத்தான். இன்றைய வரம்புகூட என்னைத் தடுத்திருக்காது. வேலி போட்டுவிட்டோம் என்று நிறுவனத்தார் யாராவது மேடையில் சொன்னால், உன் பிள்ளைகளில் ஒருவர் எழுந்து இதைக் கேட்கட்டும்: ஊர் நம்புகிற ஒருத்தி ஒரே ஒரு குழுவுக்கு அனுப்பினால் என்ன செய்வீர்கள்?

இந்த மன்றத்தில் யாரையும் கட்டுப்படுத்தும் முடிவு எதுவும் எடுக்க மாட்டார்களாமே, வெறும் பேச்சுத்தானா என்று அப்பா கேட்டார். 2006இல் ஏதென்ஸில் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான், 2008இல் நம் ஹைதராபாத்தில் கூடியபோதும் அப்படித்தான் என்று நீ சொல்லியிருக்கிறாய். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை ஒலிவாங்கிக்கு முன்னால் வரிசையில் நிற்க, அதே வரிசையில் அதிகாரியும் நிறுவனத்தாரும் நிற்கிற இடம் வேறு எங்கே கிடைக்கும்? மன்றத்தின் தலைமைக் குழுவில் விண்ட் செர்ஃப் இருக்கிறார், கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணையத்தின் அடிப்படை விதிமுறையை ராபர்ட் கானோடு சேர்ந்து வடிவமைத்தவர். 2021இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற பிலிப்பைன்ஸ் பத்திரிகையாளர் மரியா ரெஸா இருக்கிறார். அவர்களைப் பார்த்தால் பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ளத்தான் முண்டியடிப்பார்கள். எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் கேள்வியைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கச் சொல். மேடையைப் பார்த்தவுடன் மனப்பாடம் எல்லாம் பறந்துவிடும்.

படம் என்றதும் ஒன்று. அங்கே வருகிற எல்லோரும் நம்மைப்போல் பயமில்லாத நாட்டிலிருந்து வருகிறவர்கள் இல்லை. கேட்காமல் யார் முகத்தையும் எடுத்துப் போட வேண்டாம் என்று ரயில் ஏறும்போதே சொல்லிவிடு. உன் ஆறு பிள்ளைகளின் படத்தைப் போடுவதற்கும் அவர்கள் பெற்றோரை, முக்கியமாக அந்தப் பிள்ளைகளையே, முதலில் கேள். நான் வருடக்கணக்கில் பிள்ளைகளைப் பெயரோடு படம் பிடித்துக் குழுவில் போட்டிருக்கிறேன். ஒரு பிள்ளையைக்கூட ஒருமுறையும் கேட்டதில்லை.

மன்றம் கூடும் கட்டடத்தைத் தேடிப் பார்த்தேன். 1997இல் பருவநிலை பற்றிய கியோட்டோ நெறிமுறையை ஏற்றுக்கொண்டது அங்கேதானாமே. சுரங்க ரயிலின் கடைசி நிலையம், பக்கத்தில் ஒரு பெரிய குளம் என்று வரைபடத்தில் இருக்கிறது. பிள்ளைகளைக் குளத்தங்கரையில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல். நாள் முழுக்க மண்டபத்துக்குள் இருந்தால் தலை வலிக்கும்.

நான் சொன்னதை உன் பிள்ளைகளில் யாராவது பேச விரும்பினால் பேசட்டும். என் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம், தமிழ்நாட்டில் ஒரு ஆசிரியை என்றால் போதும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள். உனக்கு என்மேல் பாசம், அதனால் "பாவம், தெரியாமல் அனுப்பிவிட்டார்" என்று நீ திருத்திக் கொடுப்பாய். அப்படித் திருத்தாதே. விசாரிக்காமல் அனுப்பினார், தவறு என்று தெரிந்த பிறகும் ஐந்து வாரம் பேசாமல் இருந்தார் என்றே அந்தப் பிள்ளை சொல்லட்டும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கியோட்டோவில் இரவு குளிரும் என்றாய், நீலச் சால்வையை எடுத்துப் போ. படித்துவிட்டுப் பேசு. பேசத் தோன்றவில்லை என்றால் ஓரிரு நாள் கழித்துப் பேசு, நான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா